ஸ்டாலில் பூட்டிக்கொண்ட லேப்டாப்: ஒரு நிகழ்வு ஆய்வு

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்துக்கு ஸ்டால் போடப் போன இடத்தில் ஒரு மாணவியின் லேப்டாப்பை நாங்கள் பூட்டிவிட்டோம். திறக்க மூன்று நாள் ஆனது. கல்லூரி, ஊர், ஆட்களின் பெயர் எதையும் இதில் சொல்லவில்லை. அந்த மாணவி இதைப் படித்துப் பார்த்து, நாங்கள் எங்களுக்குச் சாதகமாக எழுதியிருந்த ஓர் இடத்தைத் திருத்தச் சொன்னார், திருத்திவிட்டோம்.

பின்னணி

எங்கள் குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர். பாதிப்பேர் வேலைக்குப் போகிறவர்கள், மீதி கல்லூரி மாணவர்கள். கல்லூரி விழாக்கள், புத்தகக் கண்காட்சி, எப்போதாவது ஒரு பள்ளி என்று மேசை கிடைக்கிற இடத்தில் ஸ்டால் போடுவோம். கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை உள்ள மென்பொருள், என்றால் என்ன என்று விளக்குவோம், கேட்கிறவர்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுப்போம். பணம் வாங்குவதில்லை. பேனர், பென்டிரைவ், பஸ் செலவு எல்லாம் கைக்காசுதான்.

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை மென்பொருள் விடுதலை நாள். 2004இல் தொடங்கி உலகம் முழுக்கப் பல ஊர்களில் கொண்டாடுகிறார்கள், எங்களுக்கும் வருடத்தில் அதுதான் பெரிய நாள். 2025இல் அது செப்டம்பர் 20 அன்று வந்தது. ஒரு மாவட்டத் தலைநகரை ஒட்டிய பொறியியல் கல்லூரியில் வெள்ளி, சனி இரண்டு நாள் தொழில்நுட்ப விழா, அதில் எங்களுக்கு ஒரு மேசை.

அந்த வருடம் வழக்கத்தைவிட வேகமாக இருந்தோம். அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடியவிருந்தது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற, பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற எத்தனையோ பழைய லேப்டாப்கள் அதற்குள் வராது. கேடிஇ போன்ற கட்டற்ற மென்பொருள் சமூகங்கள் இதற்கென்றே 'எண்ட் ஆஃப் டென்' என்று ஒரு பிரசாரம் நடத்திக்கொண்டிருந்தன. நம் பக்கமோ 2011 முதல் அரசு கொடுத்த இலவச லேப்டாப்கள் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரணில் கிடக்கின்றன. 'பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீங்க, எடுத்துட்டு வாங்க' என்று நோட்டீஸ் அடித்துக் கல்லூரி வாசலில் ஒட்டினோம்.

மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகையும் வைத்தோம். 'இன்று விடுதலை பெற்ற கணினிகள்' என்று எழுதி, ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் ஒரு கோடு. அந்தப் பலகை என் யோசனை. பின்னால் வரப்போகிறதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை

நோட்டீஸைப் பார்த்துப் பழைய லேப்டாப் கொண்டுவந்தவர்கள் மிகக் குறைவு. மாணவர்கள் கையில் வைத்திருந்ததெல்லாம் ஓரிரண்டு வருடத்துக்குள் வாங்கிய புது மெஷின்கள், எல்லாம் விண்டோஸ் 11. நாங்கள் தயாராகி வந்தது ஒரு கூட்டத்துக்கு, எதிரே வந்து நின்றது வேறு கூட்டம். அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். 'பரவாயில்லை, டூயல் பூட், அதாவது விண்டோஸும் லினக்ஸும் ஒரே மெஷினில், போட்டுக் கொடுக்கலாம்' என்று நான்தான் சொன்னேன்.

அன்றைக்கு நடந்த நல்ல காரியம் பலகையில் ஏறவே இல்லை. கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிற ஒரு அம்மா, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒரு பென்டிரைவை நீட்டி, "தம்பி, இதுல தமிழ்ல அடிச்சது எல்லாம் கன்னாபின்னான்னு தெரியுது, உங்க சாஃப்ட்வேர்ல தெரியுமா?" என்று கேட்டார். பத்துப் பதினைந்து வருடச் சுற்றறிக்கைகள், எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்து ஏமாற்றுகிறவை, எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். எங்கள் குழுவில் இருக்கிற ஒரு தங்கச்சி அவருக்கு அதை விளக்கி, இரண்டு கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிக் காட்டினார். "எனக்கு டைப்ரைட்டிங் கீபோர்டுதான் வரும், இந்தத் தமிழ்99 எல்லாம் வராது" என்று அவர் சொன்னதும், லினக்ஸில் தமிழ்த் தட்டச்சுப்பொறி விசைப்பலகையும் இருக்கிறது என்று எங்கள் டெமோ லேப்டாப்பில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியில் அதைச் சேர்த்துக் கொடுத்தார். அந்த அம்மா நின்றபடியே திரையைப் பார்க்காமல் ஒரு பத்தி அடித்துவிட்டுச் சிரித்தார். முக்கால் மணி நேரம்.

பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த நான், "ஒரு ஆளுக்கு இவ்வளவு நேரமாம்மா?" என்று அந்தத் தங்கச்சியிடம் கேட்டேன். மாணவி திருத்தச் சொன்ன இடம் இதுவல்ல, ஆனாலும் நானாகவே இதைச் சேர்க்கிறேன்.

சனிக்கிழமை மதியம்

மதியம் கூட்டம் அதிகம். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் தோழிகளோடு வந்தார். டெமோவில் படம் வரைகிற கிரிட்டாவையும் முப்பரிமாணப் படம் செய்கிற பிளெண்டரையும் பார்த்தார், பிடித்திருந்தது. "என் லேப்டாப்புல போட முடியுமா அண்ணா?" என்றார். எங்கள் ஆட்களில் ஒரு தம்பி, இரண்டாம் ஆண்டு படிக்கிறவர், "அரை மணி நேரத்துல முடிஞ்சிடும், விண்டோஸும் அப்படியே இருக்கும்" என்றார். பேக்கப் இருக்கிறதா என்று கேட்டாராம், அவரும் இருக்கிறது என்று தலையாட்டினாராம். முதலில் இப்படித்தான் எழுதியிருந்தோம். மாணவி திருத்தினார்: "பேக்கப் இருக்கான்னு கேக்கல. 'முக்கியமானது எதுவும் இல்லையே'ன்னு கேட்டாங்க. நான் இல்லன்னு சொன்னேன். புராஜெக்ட் அழியுற மாதிரி ஒரு வேலை இதுன்னு எனக்குத் தெரியாது."

எங்களிடம் இருந்தவை வென்டாய் போட்ட பென்டிரைவ்கள். ஒரே பென்டிரைவில் ஐந்தாறு லினக்ஸ் இருக்கும், வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம், ஸ்டாலுக்கு வசதி. ஆனால் சீக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் தொடங்க விடும் காவல்) இயக்கத்தில் இருக்கிற மெஷினில் அதைச் செருகினால் முதல் தடவை ஒரு நீலத் திரை வந்து சாவியைப் பதியச் சொல்லும். அதில் நேரம் போகிறது என்று எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள், பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் மெஷினின் அடிப்படை அமைப்புகளுக்குள், போய் சீக்யூர் பூட்டை அணைத்துவிடுவது. இதிலும் அதையே செய்தார் தம்பி.

பென்டிரைவ் ஏதோ காரணத்தால் பூட் ஆகவில்லை. சரி, விண்டோஸுக்கே திரும்பிப் போகலாம் என்று ரீஸ்டார்ட் செய்தார். நீலத் திரை. விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் ரெகவரி கீ (மீட்புச் சாவி) கேட்டது, 48 இலக்கம்.

இது எங்கே இருந்து வந்தது என்றால், புது விண்டோஸ் 11 மெஷின்கள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதல் தடவை நுழையும்போதே டிஸ்க் முழுவதும் தானாகக் குறியாக்கம் ஆகிவிடுகிறது. திறக்கிற சாவி டிபிஎம் சிப்பில் இருக்கும், மாற்றுச் சாவியான ரெகவரி கீ அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். பூட் ஆகிற விதத்தில், சீக்யூர் பூட் நிலை உட்பட, ஏதாவது மாறியிருந்தால் சிப் சாவியைத் தராது, ரெகவரி கீ கேட்கும். லேப்டாப்பைத் திருடி டிஸ்க்கைக் குடைகிறவனுக்கு எதிரான காவல் அது. அன்றைக்கு அந்தக் காவலின் கண்ணுக்கு நாங்களும் திருடனும் ஒன்றுதான்.

இந்தக் கட்டத்தில் ஒன்றும் கெட்டுப்போயிருக்கவில்லை. பயாஸுக்குள் திரும்பப் போய் சீக்யூர் பூட்டை இயக்கியிருந்தால், அநேகமாக ஒன்றும் கேட்காமல் விண்டோஸ் திறந்திருக்கும். அது அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை. தம்பி பதறிவிட்டார். பின்னால் இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள், மாணவி முகம் மாறிவிட்டது. பிட்லாக்கர் என்றால் டிபிஎம் சம்பந்தப்பட்டது என்று அவருக்கு அரைகுறையாகத் தெரியும். பயாஸில் டிபிஎம் என்று தேடினார், அதற்குக் கீழே 'கிளியர்' என்று ஒன்று இருந்தது. அழுத்தினார்.

அதோடு சிப்பில் இருந்த சாவி போய்விட்டது. இனி சீக்யூர் பூட்டை இயக்கினாலும் பயனில்லை. 48 இலக்கம் கிடைத்தால் திறக்கும், கிடைக்காவிட்டால் டிஸ்க்கில் இருப்பது அவ்வளவுதான்.

அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

அங்கேயே எடுத்த முடிவுகள்

முதலில் எல்லா இன்ஸ்டாலையும் நிறுத்தினோம். நடந்துகொண்டிருந்த இன்னொரு மெஷின் பழைய விண்டோஸ் 10, குறியாக்கம் இல்லாதது, அதை மட்டும் முடித்துக் கொடுத்தோம்.

அப்புறம் லேப்டாப்பை யாரும் தொடக் கூடாது என்றேன். 'விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்துடலாம் அண்ணா, பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும்' என்று ஒருவர் சொன்னார். போட்டிருந்தால் லேப்டாப் ஓடியிருக்கும், உள்ளே இருந்ததெல்லாம் போயிருக்கும். சென்னையில் இருக்கிற அனுபவமுள்ள நண்பர் ஒருவருக்கு போன் செய்தேன். அவர் சொன்னது இரண்டே விஷயம்: திரையில் தெரிகிற கீ ஐடியைப் படம் எடு, அந்தக் கணக்கு யாருடையது என்று கண்டுபிடி.

மூன்றாவது முடிவில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. மேசைக்குப் பின்னால் ஒருவர், "விண்டோஸ் அப்டேட்டால இப்படி ஆகும்னு சொல்லிடலாமே, நிஜமாவே சில நேரம் அப்படி ஆகுதே" என்றார். மோசமான ஆள் இல்லை அவர், தம்பியைக் காப்பாற்றப் பார்த்தார். ஐந்து நிமிடம் பேசினோம். பயாஸில் நாங்கள் இரண்டு மாற்றம் செய்தோம், இரண்டாவது தவறு, உங்கள் கோப்புகள் இப்போதைக்குப் பூட்டியிருக்கின்றன, அழியவில்லை, கீ கிடைக்காவிட்டால் திரும்ப வராது என்று அப்படியே மாணவியிடம் சொன்னேன். நல்ல மனசு ஒரு காரணம். கீயைத் தேட அவருடைய உதவி எங்களுக்கு வேண்டும், பொய்யில் தொடங்கினால் அவர் தப்பான இடத்தில் தேடுவார் என்பது இன்னொரு காரணம்.

அவர் முதலில் சொன்னது: "மண்டே எனக்கு மினி புராஜெக்ட் ரிவ்யூ."

கோட் முழுவதும் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில். வேறு எங்கும் இல்லை. எங்கள் மேசையிலேயே, கோடின் ஒவ்வொரு பதிப்பையும் சேமித்து வைக்கும் கிட் பற்றி ஒரு போஸ்டர் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கணக்கு யாருடையது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. நான்கு இலக்க பின் போட்டுத்தான் திறப்பார். லேப்டாப் வாங்கிய கடையிலேயே எல்லாம் செட்டப் செய்து கொடுத்தார்களாம். கடைக்கு போன் செய்தோம், யாரும் எடுக்கவில்லை. மறுநாள் ஞாயிறு, கடை விடுமுறை.

என்ன நடந்தது, யாரைக் கூப்பிட வேண்டும், நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, கீழே என் கையெழுத்தும் நம்பரும் போட்டுக் கொடுத்தோம். எங்கள் டெமோ லேப்டாப் ஒன்றையும் கையில் கொடுத்தோம்.

ஞாயிறு முதல் செவ்வாய் வரை

ஞாயிறு காலை அவருடைய அப்பா போன் செய்தார். லேப்டாப்பை மாதத் தவணையில் வாங்கியிருக்கிறார், தவணை இன்னும் முடியவில்லை. கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"சார், நீங்க எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லைங்க. நாங்க தன்னார்வலர்கள், சும்மா செய்றோம்."

"அப்ப இதை யார்கிட்ட போய் கேக்குறது?"

என்னிடம்தான் என்றேன். கட்டற்ற மென்பொருள் உரிமங்கள் பலவற்றில், எங்கள் பிரியத்துக்குரிய ஜிபிஎல் உட்பட, எந்த உத்தரவாதமும் இல்லை என்று ஒரு பத்தி இருக்கும். எழுதிக் கொடுத்தவர் இலவசமாகக் கொடுக்கிறார், அவருக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டும், நியாயம்தான். ஆனால் அந்தப் பத்தி மென்பொருளுக்கு. அடுத்தவர் லேப்டாப்பின் பயாஸுக்குள் விரல் விட்ட எங்களுக்கு அது பொருந்தாது. இத்தனை வருடம் 'சும்மா செய்றோம்' என்பதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கத்தில் இருக்கிறவர் காதில் அது எப்படி விழுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

புராஜெக்டின் மூன்று வாரத்துக்கு முந்தைய பிரதி ஒரு தோழியின் வாட்ஸ்அப்பில் கிடைத்தது. அர்டுயினோ என்ற சிறு மின்னணு போர்டும் சில சென்சார்களும் வைத்த புராஜெக்ட். எங்கள் டெமோ லேப்டாப்பில் அதைத் திறந்து போர்டுக்கு ஏற்றப் பார்த்தால், அனுமதி இல்லை என்று பிழை. உபுண்டு போன்ற லினக்ஸ்களில் போர்டு இணைகிற சீரியல் போர்ட்டைத் தொட, பயனர் 'டயல்அவுட்' என்ற குழுவில் இருக்க வேண்டும், எங்கள் டெமோ பயனர் அதில் இல்லை. வெள்ளிக்கிழமை அந்த அம்மாவுக்கு உதவிய தங்கச்சிதான் ஞாயிறு இரவு போனில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டளையாகச் சொல்லி அதைச் சரிசெய்தார். விடுபட்ட பகுதியில் பாதியை மாணவி மறுபடி எழுதினார். திங்களன்று ரிவ்யூவுக்குப் போனார், முழுமையாக இல்லை என்று ஒரு வாரம் தவணை கொடுத்தார்கள்.

கடைக்காரர் திங்கள் மதியம் கிடைத்தார். கடையில் விற்கிற லேப்டாப்களுக்கெல்லாம் ஒரே மின்னஞ்சலில் செட்டப் செய்து கொடுப்பார்களாம், வாடிக்கையாளரை நிற்க வைக்காமல் சீக்கிரம் அனுப்பலாம் என்று. பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை, மீட்க வரும் குறியீடு வேலையை விட்டுப் போன ஒரு பையனின் போனுக்குப் போகிறது. அந்தப் பையனைத் தேடிப் பிடிக்க ஒரு நாள் ஆனது. செவ்வாய் மாலை கணக்கு திறந்தது. உள்ளே பல லேப்டாப்களின் ரெகவரி கீ வரிசையாக இருந்தது, யார் யாருடையதோ. சனிக்கிழமை படம் எடுத்த கீ ஐடியை வைத்து மாணவியின் கீயைக் கண்டுபிடித்தோம். 48 இலக்கத்தைப் போட்டதும் திறந்தது. டிபிஎம் காலியானதால் பழைய பின்னும் வேலை செய்யவில்லை, கணக்கின் பாஸ்வேர்டைப் போட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. கோப்புகள் எல்லாம் இருந்தன.

அங்கேயே உட்கார்ந்து மாணவியின் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி, புதிய கீ எடுத்து, அவர் நோட்டில் எழுத வைத்தோம். லினக்ஸ் போடவில்லை. அவரும் கேட்கவில்லை.

கூடிப் பேசியது

அடுத்த ஞாயிறு எல்லாரும் உட்கார்ந்தோம். தம்பி வரத் தயங்கினார், வரவழைத்தோம். அவர் அழுத்திய பொத்தானைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் சீக்யூர் பூட்டை அணைப்பதைப் பழக்கமாக்கியது நாங்கள் எல்லாரும். ஒரே ஒரு லினக்ஸை நேரடியாக எழுதிய பென்டிரைவ் என்றால், மின்ட், உபுண்டு போன்றவை சீக்யூர் பூட்டோடேயே பூட் ஆகும், அணைக்கத் தேவையே இல்லை. ஆறு லினக்ஸ் வேண்டும் என்ற எங்கள் ஆசைக்காக வந்தது அந்தப் பழக்கம்.

அப்புறம் பலகை. தம்பி சொன்னார்: "அதுக்கு முந்தின மெஷின் ஃபெயில் ஆச்சு அண்ணா. மதியத்துல இருந்து என் பேர்ல ஒரு கோடு கூட இல்ல." கோடுகளை ஆள்வாரியாக யாரும் எண்ணச் சொல்லவில்லை. ஆனால் அவரவர் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள், நான் உட்பட.

போட்டுக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் இன்னும் லினக்ஸ் பயன்படுத்துகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். எங்களிடம் ஒருவர் நம்பர்கூட இல்லை. முந்தைய விழாக்களிலும் வாங்கியதில்லை.

என்ன மாற்றினோம்

ஸ்டாலில் இன்ஸ்டால் செய்வதை நிறுத்தினோம். விழாவில் லைவ் டெமோ மட்டும், அதுவும் எங்கள் மெஷினில். விருப்பம் உள்ளவர்களுக்கு அடுத்த வாரம் ஒரு நாள் குறித்து, அமைதியான ஓர் இடத்துக்கு வரச் சொல்கிறோம். வருவதற்கு முன் செய்ய வேண்டியதை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கிறோம்: உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கு எது என்று பாருங்கள், ரெகவரி கீயை எழுதி எடுத்து வாருங்கள், கோப்புகளை வேறோர் இடத்தில் நகல் எடுங்கள். கீ இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறோம். சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

'முக்கியமானது எதுவும் இல்லையே' என்ற கேள்வியைத் தடை செய்திருக்கிறோம். அதற்குப் பதில், 'இந்த லேப்டாப் இப்பவே காணாமப் போனா உங்களுக்கு என்ன போகும்?' என்று கேட்கிறோம். இதற்குப் பதில் சொல்ல எல்லாருமே கொஞ்ச நேரம் யோசிக்கிறார்கள். பயாஸைத் தொடும் முன் திரையைப் படம் எடுப்பது, எதை மாற்றினாலும் ஏதாவது கோளாறு வந்தால் முதலில் அதையே பழையபடி வைப்பது, கூட ஒரு ஆளைக் கூப்பிடாமல் அடுத்த பொத்தானை அழுத்தாதது, இவை புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்கிறோம். சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் அந்தத் தம்பிதான்.

பலகை இப்போதும் வருகிறது. என்னென்ன கேள்விகள் கேட்டார்கள் என்று அதில் எழுதுகிறோம். தமிழ்த் தட்டச்சு, பழைய எழுத்துரு, பிரிண்டர் ஓடுமா என்ற மூன்றும் எல்லா இடத்திலும் வருகின்றன.

இதில் எங்களுக்கு ஒரு சிக்கலும் இருக்கிறது. விழா முடிந்ததும் கல்லூரிகள் அறிக்கை கேட்கும், அதில் 'பயனடைந்தோர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். இன்ஸ்டால் செய்த நாட்களில் நிரப்புவது சுலபம். இப்போது 'பேசியவர்கள் சுமார் நாற்பது, இன்ஸ்டால் 0' என்று எழுதிக் கொடுக்கிறோம். ஒரு கல்லூரி ஒருங்கிணைப்பாளர் அந்த 0வைப் பார்த்துவிட்டு, "ஏதாவது ஒரு நம்பர் போட்டுக் குடுங்க சார்" என்றார். போடவில்லை. அடுத்த முறை அங்கிருந்து அழைப்பு வரவில்லை.